சாணி கேட்ட அரசும் உழுபட்ட மேச்சல் தரையும்: 2021 பசளைத் தடை, படுவான்கரைல இருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2021 மே 6ஆம் திகதி வந்த ஒரு வர்த்தமானிதான் இந்த ஆய்வுக்கு எடுத்திருக்கிற விஷயம். இரசாயனப் பசளை, களைநாசினி, பூச்சிநாசினி ஒன்டும் இனி நாட்டுக்குள்ள இறக்க ஏலா என்டு ஒரே அடியாத் தடை. ஏழு மாசம் கூட நிக்கல்ல, நவம்பர் கடைசியில வாபஸ் வாங்கிட்டாங்க, ஆனா அந்த ஏழு மாசத்துக்குள்ளதான் எங்கட பெரும்போகம், மாரி மழைக்குச் செய்யிற பெரிய நெல் போகம், விதைச்சதும் முளைச்சதும் மஞ்சளாப் போனதும். இதப்பத்தி கொழும்பில இருந்து எழுதினது நிறைய இருக்கு, டொலர், சீனக் கப்பல், ராஜபக்ச குடும்பம் என்டு. அதெல்லாம் சரிதான். ஆனா மட்டக்களப்பில, களப்புக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைல, வேளாண்மை செய்யிற ஆக்கள் நடுவில நின்டு பார்த்தா, அந்தக் கதைகள்ல வராத ஒரு பகுதி தெரியும், அது மாடும் மேச்சல் தரையும். அதுக்கு கடைசியில வாறன், முதல்ல நடந்தத ஒழுங்காச் சொல்லணும்.

பசளை இந்த நாட்டில எப்பவும் வாக்கோட சேர்ந்த சாமான். 2005ல மஹிந்த ராஜபக்ச வந்த பிறகு நெல்லுக்கு 50 கிலோ மூடை 350 ரூபாக்குக் குடுக்கத் தொடங்கினாங்க. 2016ல சிறிசேன காலத்தில மூடைய விட்டுட்டு காசாக் குடுத்துப் பார்த்தாங்க, பிறகு திரும்ப மூடைக்கே வந்திச்சு, கோட்டாபய ஜனாதிபதியா வந்ததும் நெல்லுக்கு இலவசம் என்டாச்சு. கிட்டத்தட்ட 15 வருஷம் இப்படிப் போனா மனிசன் அளவு பார்த்தா போடுவான்? நீர்ப்பாசனக் காணிக்கு விவசாயத் திணைக்களம் சொன்ன அளவு ஹெக்டேருக்கு 225 கிலோ யூரியா, ஏக்கருக்கு 90 கிலோ சொச்சம், அதாவது ரெண்டு மூடைக்கும் குறைய. எங்கட வட்டையில (வயல்வெளியில) மூண்டு மூடை எறிஞ்ச ஆக்கள எனக்குத் தெரியும். பயிர் குடிக்காத மிச்சம் வடிச்சல் வாய்க்கால்ல இறங்கி களப்புக்குத்தான் போகும். களப்பு ஓரத்தில ஆற்றுவாழைக் களை மூடிக் கிடக்கிறத பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் அந்தக் கணக்கு விளங்கணும்.

இத ஏன் முதல்லயே சொல்றன் என்டா, தடை பிழை என்டு எழுதினா உடனே "அப்ப உங்களுக்கு நஞ்சுதான் வேணுமா" என்டு கேக்க ஆக்கள் இருக்கு. பிரச்சினை உண்மையா இருந்திச்சு. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் காரணம் சரியாப் பிடிபடாத சிறுநீரக நோயால எத்தினையோ விவசாயக் குடும்பம் அழிஞ்சது, அதுக்கு விவசாய இரசாயனம்தான் காரணம் என்டு ஒரு பக்கம் சொல்ல, விஞ்ஞானிகளுக்குள்ள அது இன்னும் முடிவாகாத விவாதம். அந்தப் பயத்திலதான் 2015ல கிளைபோசேட் என்ட களைநாசினியையும் தடை செய்தாங்க, 2018ல தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டாங்க. 2019 ஒக்டோபர்ல கொழும்பில வச்சே ஒரு சர்வதேசப் பிரகடனம் வந்திச்சு, 2030க்குள்ள நைட்ரஜன் விரயத்தப் பாதியாக் குறைக்கணும் என்டு. விரயத்தப் பாதியாக்கிறது, அதுவும் பதினோரு வருஷத்தில. கோட்டாபயட தேர்தல் விஞ்ஞாபனமும் 10 வருஷத்தில சேதனப் பசளைக்கு (சாணி, இலைகுழை மாதிரி இயற்கைப் பசளைக்கு) மாறுவம் என்டுதான் சொன்னது. பத்து வருஷம் என்டா நானும் கை தூக்கி இருப்பன்.

பத்து வருஷம் ஏன் ஒரு நாளாச் சுருங்கினது? டொலர் இல்ல, அதுதான். 2019 டிசம்பர்ல வற் வரிய 15 வீதத்தில இருந்து 8க்கு இறக்கினாங்க, பிறகு கொரோனா, உல்லாசப் பயணி இல்ல, 2020லயே வாகன இறக்குமதிய நிப்பாட்டி, சமையல் மஞ்சள் இறக்குமதியயும் நிப்பாட்டினாங்க. 2019 கடைசியில 760 கோடி டொலர் இருந்த கையிருப்பு 2021 கடைசியில 310 கோடி. பசளை இறக்குமதிக்கு வருஷம் 25 கோடி டொலருக்கு மேல போகுது, அத வெட்டினா மிச்சம் என்டு யாரோ கணக்குப் போட்டிருக்காங்க. டொலர் இல்ல என்டு நேராச் சொல்லி இருந்தா விவசாயி கொஞ்சமாவது தயாராகி இருப்பான், இருக்கிறத அளந்து பங்கிட்டிருக்கலாம். அதச் சொல்லாம அதுக்கு மேல பச்சைப் போர்வையப் போத்திட்டாங்க.

அந்தக் கணக்காவது சரி வந்ததா? இந்த இடத்தில சக்தி விஷயம் உள்ள வருது, நம்ம ஆக்கள் அதிகம் பேசாத பகுதி. யூரியா என்டது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில இருந்து செய்யிற சாமான். கேஸ் விலை ஏறினா யூரியா விலை ஏறும். எங்கட நாட்டில ஒரு காலத்தில சப்புகஸ்கந்தையில நெப்தா என்ட பெற்றோலிய எண்ணெயில இருந்து யூரியா செய்தாங்க, 1980கள்ல, கட்டுபடியாகல்ல என்டு மூடிட்டாங்க. எப்பாவலயில பொஸ்பேற் பாறை இருக்கு, ஆனா அது மெதுவாக் கரையிறது, தென்னை தேயிலைக்குச் சரி, மூணரை மாச நெல்லுக்கு வாய்க்காது. ஆக நாங்க வெளியாலதான் வாங்கணும். தடை போட்ட 2021 மே மாசம் உலகச் சந்தையில யூரியா டொன் 330 டொலர் அளவில நின்டது. தடைய எடுத்த நவம்பர்ல 900 டொலர். ஐரோப்பாவில கேஸ் விலை பாய்ஞ்சதோட அதுவும் பாய்ஞ்சிட்டு. மலிவா இருந்த நேரம் வாங்க விடாம வச்சிருந்து, உச்ச விலை வந்த நேரம் கதவத் திறந்தாங்க, அப்ப வாங்கிறதுக்கு டொலரும் இல்ல. மிச்சம் பிடிக்கத்தான் தடை என்டா அந்த மிச்சமும் வரல்ல.

இப்ப வயலுக்கு வாறன். என்ட மாமா நவகிரிக் குளத்துத் தண்ணியில வேளாண்மை செய்யிறவர், வெல்லாவெளிப் பக்கம், பத்து ஏக்கர், அதில பாதி சொந்தம் பாதி குத்தகை. ஆவணிக்குள்ள கூட்டெரு (கொம்போஸ்ட்) தயார் பண்ணுங்க என்டு சொல்லிட்டாங்க. எவ்வளவு வேணும் என்டு நாங்க இருந்து கணக்குப் பார்த்தம். யூரியாவில 46 வீதம் நைட்ரஜன், ஏக்கருக்கு 90 கிலோ என்டா 40 கிலோவுக்கு மேல நைட்ரஜன் போகுது. நல்லாச் செய்த கூட்டெருவில ஒன்டு ஒன்டரை வீதம்தான் நைட்ரஜன் இருக்கும், அப்ப அதே அளவுக்கு ஏக்கருக்கு மூண்டு டொன்னுக்குக் கிட்ட வேணும், பத்து ஏக்கருக்கு முப்பது டொன். அதிலயும் முதல் போகத்தில பயிருக்குக் கிடைக்கிறது கொஞ்சம்தான், மற்றது மண்ணில இருந்து வருஷக் கணக்கில மெதுவா வரும். நாங்க விதைக்கிற பிஜி 94-1 மாதிரி நெல் இனமெல்லாம் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில பசளைக்கென்டே பெருக்கி எடுத்தது, மட்டம் (பக்கத் தூர்) வெடிக்கிற நேரமும் குடலை (கதிர்) தள்ளுற நேரமும் நைட்ரஜன் கையோட கிடைக்கணும், பிறகு தாறன் என்டா அதுக்கு விளங்காது. மாமா அந்தக் கணக்கு எழுதின துண்டக் கையில வச்சிட்டு கொஞ்ச நேரம் ஒன்டும் பேசல்ல. பிறகு கேட்டார், "மகன், இந்தக் கணக்க அங்க இருக்கிற ஒருத்தரும் போட்டுப் பார்க்கல்லயா?"

போட்டுப் பார்த்தாங்க, சொல்லியும் இருக்காங்க, அதுதான் கோபம் வாற இடம். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே விளைச்சல் விழும் என்டு திரும்பத் திரும்பச் சொன்னவர், அவர அமைச்சிட நிபுணர் குழுக்கள்ல இருந்து எடுத்தாங்க. டிசம்பர்ல விவசாய அமைச்சிட செயலாளர் உதித் ஜயசிங்க உணவுத் தட்டுப்பாடு வரும் என்டு வாய் திறந்ததும் அவரையும் தூக்கினாங்க.

மாமாவுக்குக் கிடைச்ச கூட்டெரு பேக் ஒன்ட நான் கிட்ட நின்டு பிரிச்சிப் பார்த்தன். கறுப்பா ஈரமா இருந்திச்சு, வாசமும் பரவாயில்ல, ஆனா கையால அளைஞ்சா சொப்பிங் பேக் துண்டு, பால் பக்கெட் மூலை, தேங்காச் சிரட்டை, சின்னச் சின்னக் கண்ணாடி ஓடு. சேத்துக்குள்ள வெறுங்காலோட நிக்கிற மனிசன் அத எப்படி எறியிற? நகரத்துக் குப்பைய அரிச்சு அடைச்சிருக்காங்க. அரிச்சு மிஞ்சினது எறிஞ்ச வயலில பிறகு வந்த களை வேற, களைநாசினியும் இல்ல, கூலிக்கு ஆள் பிடிச்சுப் புடுங்கினம்.

ஐப்பசி விதைப்பு, கார்த்திகை மழை நல்லா வந்திச்சு, தண்ணிக்குக் குறை இல்ல. நாலாம் கிழமையில இருந்து பயிர் வெளிறத் தொடங்கினது, முதல் அடி இலை, பிறகு முழுக்க ஒரு மாதிரி எலுமிச்சை நிறம். மட்டம் வெடிக்கல்ல. ஒரு பயிருக்கு எட்டுப் பத்து மட்டம் நிக்கிற இடத்தில மூண்டு நாலு. வரம்பில நின்டு பார்த்தா பயிர் இடைவெளிக்குள்ளால தண்ணி மினுங்கிறது தெரியும், அந்த நாளையில அது தெரியவே கூடாது. அதுக்குப் பிறகு அறக்கொட்டியான் பூச்சி வேற. வட்டவிதானை (வட்டைக்குப் பொறுப்பான ஆள்) வந்து பார்த்திட்டு, "எல்லா வாய்க்காலும் இப்படித்தான் கிடக்கு" என்டிட்டுப் போனார்.

அந்த நேரம் கொழும்பில சீனக் கப்பல் கதை ஓடிச்சு. சிங்தாவோ சீவின் என்ட கம்பனிட 99,000 டொன் சேதனப் பசளைக்கு ஒப்பந்தம், முதல் 20,000 டொன்னோட ஹிப்போ ஸ்பிரிட் வந்திச்சு, மாதிரிய சோதிச்ச தாவரத் தொற்றுத் தடுப்பு நிலையம் அதில எர்வினியா பக்டீரியா இருக்கு என்டு இறக்க விடல்ல. அந்த அதிகாரிகள் அழுத்தத்துக்கு வளையாம நின்டத நான் நன்றியோட சொல்றன், இறக்கி இருந்தா கிழங்குத் தோட்டத்துக்கெல்லாம் வினை. கப்பல் கடல்ல சுத்த, காசு கட்டாம நின்ட மக்கள் வங்கிய சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியல்ல போட, கடைசியா 2022 தையில ஒரு மூடை கூட இறங்காமலே 67 லட்சம் டொலர் கட்டினாங்க. இந்தியாவில இருந்து நனோ நைட்ரஜன் திரவத்த ஒக்டோபர்ல பிளேன்ல கொண்டு வந்தாங்க. அதே ஒக்டோபர் கடைசியில ஜனாதிபதி கிளாஸ்கோ போய் நைட்ரஜன் பற்றின கூட்டத்தில இந்தக் கொள்கையப் பெருமையாப் பேசினார். அவர் பேசின நேரம் எங்கட ஆக்கள் விதைச்சு முடிஞ்சும் முடியாமலும் நிக்கிறாங்க.

விளைவ நாடளவில பார்த்தா, 2021ல 51 லட்சம் டொன் விளைஞ்ச நெல் 2022ல 34 லட்சம் டொன். மூண்டில ஒரு பங்கு இல்ல. மாமாட வயல்ல நல்ல பெரும்போகத்தில ஏக்கருக்கு 28, 30 மூடை நெல் வாறது, அந்த மாசி அறுவடையில 13 மூடை.

இனி இழப்பீடு. 2022 தையில 4,000 கோடி ரூபா இழப்பீடு என்டு அறிவிச்சாங்க, கிலோ நெல்லுக்கு 75 ரூபா தருவம் என்டும் சொன்னாங்க. கேக்க நல்லாத்தான் இருந்திச்சு. கிழக்கில காணி ஒருத்தர்ட, வேளாண்மை செய்யிறது இன்னொருத்தர். போடியார் (பெரிய காணிக்காரர்) காலத்தில இருந்து வாற முறை அது, இப்ப பேர் மாறி குத்தகை என்டு நடக்குது. மானியமும் இழப்பீடும் எப்பவும் பதிவில இருக்கிற பேரத்தான் பார்க்கும். மாமாக்கு சொந்தக் காணி அஞ்சுக்குத்தான் கணக்கு, குத்தகை அஞ்சுக்கு அவர் பதிவிலயே இல்ல, ஆனா குத்தகைக் காசு முன்னுக்கே குடுத்தாச்சு, நகை அடகில. காணிக்காரர் நல்ல மனிசன், கொஞ்சம் விட்டுக் குடுத்தார். எல்லாருக்கும் அப்படி ஆள் வாய்க்காது. முழுக்கக் குத்தகையில செய்யிற ஆக்கள், காணியே இல்லாம புல் புடுங்கி வரம்பு கட்டி வாழுற ஆக்கள், இவங்களுக்கு அந்த 4,000 கோடியில எந்த வாசல்? இந்தக் கேள்விய அண்டைக்குக் கேட்ட அரசியல்வாதி எங்கட மாவட்டத்திலயும் மிச்சம் குறைவு.

தடை போன பிறகு சாமான் வந்ததா என்டா அதுவும் இல்ல. டொலர் முடிஞ்சு 2022 சித்திரையில கடன் கட்ட ஏலா என்டு அறிவிச்சாச்சு. கறுப்புச் சந்தையில யூரியா மூடை முப்பதாயிரம் நாப்பதாயிரம். இந்தியக் கடனுதவியில 65,000 டொன் யூரியா கேட்டு, முதல் 44,000 டொன் ஆடி மாசம்தான் கையில கிடைச்சது, எங்கட சிறுபோகம் அப்ப அறுவடைக்குக் கிட்ட. அதுக்குள்ள டீசல், 2022 தொடக்கத்தில 121 ரூபா, ஆனி கடைசியில 460. வெட்டு மெசின்காரன் கானோட லைன்ல நிக்கிறான், கதிர் வயல்ல கொட்டுது. எரிவாயு, டீசல், டொலர் மூண்டும் ஒரே கயிறில கட்டினதுதான் எங்கட வயல் என்டு அந்த ஒரு வருஷத்தில எல்லாருக்கும் விளங்கினது.

இப்ப மாட்டுக்கு வாறன்.

சேதனப் பசளை எங்க இருந்து வரும்? குப்பையில இருந்தும் வரும், சீமைக்கிளுவை மரத்து இலையில இருந்தும் வரும், எங்கட மாவட்டத்தில பெரிசா மாட்டில இருந்துதான் வரும். மட்டக்களப்பு பட்டி மாட்டுக்குப் பேர் போன இடம். காலம் காலமா நடக்கிற சுத்து இது: பெரும்போகம் விதைக்க முன்ன மாட்ட வட்டையில இருந்து ஏத்தி மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் இருக்கிற மேச்சல் தரைக்குக் கொண்டு போவாங்க, அறுவடை முடிஞ்சா திரும்ப இறக்குவாங்க, அது தாளை மேய்ஞ்சு வயல்லயே சாணியும் சலமும் போட்டிட்டு நிக்கும். சில ஆக்கள் தங்கட காணிக்குள்ள பட்டி அடைக்கச் சொல்லிக் கேட்டு வருவாங்க. மாடு எப்ப வட்டைய விட்டுப் போகணும் என்ட திகதி கூட போகத்துக்கு முன்ன நடக்கிற ஆரம்பக் கூட்டத்திலதான் முடிவாகும், விவசாயி, நீர்ப்பாசனம், கமநலம், பண்ணையாளர், பொலிஸ் எல்லாரும் இருந்து. அதாவது நெல்லும் மாடும் ஒரே அட்டவணையில ஓடுற ஊர் இது.

அரசு சாணி கேட்ட அதே காலத்திலதான் அந்த மேச்சல் தரை உழுபட்டுக் கிடந்தது. மயிலத்தமடு, மகாவலித் திட்டக் காணிகளப் பார்க்கிற அரச நிறுவனமான மகாவலி அதிகார சபைட எல்லைக்குள்ள வருது. 2020ல வெளி மாவட்டத்து ஆக்கள் வந்து சோளம் செய்யத் தொடங்கினாங்க, அதிகாரத்தில இருந்த ஆக்கள்ட அனுமதியோட. மாடு மேய இடமில்லாம சோளத்துக்குள்ள போகும், போனா வெட்டு, வெடி, கரண்ட் கம்பி. பண்ணையாளர் முறைப்பாடு குடுத்துக் குடுத்துக் களைச்சு, 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி சித்தாண்டியில ரோட்டோரம் கொட்டில் போட்டு உட்கார்ந்தாங்க, மாசக் கணக்கா, வருஷக் கணக்கா. வந்து சோளம் செய்தவனும் ஏழைதான், அவன்ட பசியோட எனக்குச் சண்டை இல்ல. காணிக் கொள்கைய இனக் கணக்கில நடத்துற ஆக்களோடதான் சண்டை.

இந்த ரெண்டையும் ஒரே மேசையில வச்சுப் பார்த்தா தடைட உண்மை தெரியும். சேதன விவசாயம்தான் நோக்கம் என்டிருந்தா 2021 மே மாசம் மட்டக்களப்பில செய்ய வேண்டிய முதல் வேலை மேச்சல் தரைய அளந்து எல்லை போட்டு வர்த்தமானியில போடுறது. மாட்டுக்குத் தண்ணி, தடுப்பூசி, சாணி சேர்க்கிறதுக்கு ஒரு கூலி. அறுவடை முடிய வைக்கோல எரிக்காம வயலுக்கே திருப்புறதுக்கு ஏற்பாடு, ஏனென்டா நெற்பயிர் எடுக்கிற பொட்டாசில பெரும்பகுதி வைக்கோல்லதான் நிக்குது, அத ஒவ்வொரு மாசியும் நெருப்பு வச்சு எரிச்சுப்போட்டு எம்ஓபி என்ட பொட்டாஸ் பசளை இறக்கக் காசு தேடுறம். இதில ஒன்டும் நடக்கல்ல. எனக்கு அதுக்கு மேல ஆதாரம் தேவையில்ல, அது சூழல் கொள்கையே இல்ல.

இதால வந்த பெரிய நட்டம் அந்த ஒரு போகம் மட்டும் இல்ல. முந்தி மாமாட வட்டையில நாலஞ்சு பேர் சொந்த விருப்பத்தில சாணியும் வைக்கோலும் போட்டு யூரியாவப் பாதியாக் குறைச்சுச் செய்தவங்க, விளைச்சலும் பெரிசா விழல்ல. 2022க்குப் பிறகு அவங்களும் வெளியில சொல்றதில்ல. சேதனப் பசளை என்டு வாய் திறந்தா கூட்டத்தில எழும்பிப் போறாங்க. மண் பரிசோதிச்சு அளவாப் போடுங்க என்டு விவசாயப் போதனாசிரியர் சொல்ற சாதாரண புத்தியக் கூட, "இன்னொரு தடைக்கு அடி போடுறாங்க" என்டுதான் கேக்கிறாங்க. மாவட்டத்தில நல்லது செய்ய நினைக்கிற இளம் அலுவலருக்கு இது எவ்வளவு பெரிய சுவர் என்டு பக்கத்தில நின்டு பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

2024 கடைசியில புது அரசு நெல்லுக்குப் பசளைக் காச ஹெக்டேருக்கு 15,000ல இருந்து 25,000 ஆக்கினது, ரெண்டு ஹெக்டேர் வரைக்கும். வரவேற்கிறன், மூடைய விட காசு நல்லம், மிச்சம் பிடிக்கிறவனுக்கு மிச்சம் நிக்கும். ஆனா அதுவும் பதிவில இருக்கிற பேருக்குத்தான் போகுது, குத்தகைக்காரன் திரும்பவும் வெளியில.

அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்குப் போற விவசாய அமைப்புக்காரங்ககிட்ட நான் கேக்கிறது மூண்டு விஷயம். குத்தகைக்குச் செய்யிறவன்ட பேர போகத்துக்குப் போகம் கமநல சேவை நிலையத்தில தனியாப் பதியச் சொல்லுங்க. வைக்கோல் எரிக்கிறத நிப்பாட்டுற தீர்மானத்த நீங்களே கொண்டு வாங்க, மேல இருந்து வர முன்ன. மற்றது மாட்ட இந்தத் திகதிக்குள்ள ஏத்தணும் என்டு தீர்மானம் எழுதுற அதே கொப்பியில, ஏத்துற மாடு எங்க போய் மேயிறது என்டும் எழுதச் சொல்லுங்க, இடத்திட பேரோட, எல்லையோட, அரசாங்க அதிபர்ட கையெழுத்தோட.